இறக்கை வளைந்த வீடியோ

அந்தத் தெருவில் ஸ்டுடியோக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். நாற்பத்தாறு வயது, சற்றே முன்னால் தள்ளிய வயிறு. எந்த வீட்டு விசேஷமானாலும் முதல் வரிசைக்கும் முன்னால் போய் நின்று எல்லோர் பார்வையையும் மறைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. கடையில் இரண்டே அறைகள். முன்னறையில் ஜெராக்ஸ் மிஷினையும் லேமினேஷனையும் மனைவி பார்த்துக்கொண்டாள். பின்னறையில் ஒரு நீலத் திரை, இரண்டு குடை விளக்குகள், உட்கார்ந்தால் கிரீச்சிடும் ஒரு சுழல் நாற்காலி.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார், சொன்ன நாளில் ஆல்பம் கொடுத்துவிடுவார். வாய்தான் கொஞ்சம் நீளம். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழைய வீடியோ கேமராவை விட்டுவிட்டு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிய பிறகு அந்த வாய் இன்னும் நீண்டது. போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும், இருட்டில் கூட முகம் தெளிவாக வரும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதன் அருமை பெருமைகளைச் சொல்லுவார். வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது. துடைப்பதற்கென்று அவருடைய பழைய பனியன் ஒன்று தனியாக இருந்தது. அதை மனைவி ஒருமுறை தரை துடைக்க எடுத்துவிட்டு இரண்டு நாள் பேச்சு கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. வெளியூரிலிருந்து பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வரப்போகிறார், தொழிற்சாலை எப்படி நடக்கிறது என்று காட்ட பத்து நிமிட வீடியோ வேண்டும் என்று மேனேஜர் அம்மாள் கேட்டார். கல்யாணமும் காதுகுத்துமாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு இது தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் முழுக்க எடுத்தார். காகிதக் கூழ் கலக்கும் தொட்டி, அட்டை உருளும் உருளைகள், கடைசியில் உலர்த்தும் கூடம். ஈர அட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்கும் அந்தக் கூடத்தின் மேற்குச் சுவரில், தலைக்கு மேல், ஆளுயரப் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். உள்ளேயிருக்கும் ஈரக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி. அதற்கு நேர் கீழே எட்டுப் பேர் நின்று அட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். விசிறிக்குப் பின்னால் வெட்டவெளி, நல்ல மதிய வெயில். படம் வெளுத்துவிடக் கூடாது என்று ஷட்டர் வேகத்தை ரெண்டாயிரத்துக்கு ஏற்றி, விசிறியை நெருக்கத்தில் வைத்து அரை நிமிடம் எடுத்தார். கேமராவின் பின்புறச் சிறு திரையில் வெயில் பட்டுக் கூசியதால் என்ன பதிவானது என்று அவர் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த விசிறியின் நான்கு இறக்கைகளும் புதியவை. பழையவை துருப்பிடித்து உதிரவும், தொழிற்சாலையின் ஃபிட்டரே தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்தவை. பத்தொன்பது வருடமாக அங்கே வேலை பார்த்த அந்த மனிதரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பது போல அவர் மட்டம் பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். எந்த மேசையைக் கண்டாலும் அதன் மேல் வைத்துப் பார்ப்பார். சாய்ந்திருந்தால் காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைக்காமல் சாப்பிட மாட்டார். இந்த நான்கு இறக்கைகளுக்கு அவர் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஸ்டோர் ரூம் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, நாலும் ஒரே எடை ஆகும் வரைக்கும் அரத்தால் ராவிக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் மேனேஜர் அறையில் பெரிய டிவியில் வீடியோவைப் போட்டுக் காட்டினார் ஸ்டுடியோக்காரர். கணக்குப் பிரிவு ஆட்கள், சூப்பர்வைசர் என்று ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். தொட்டி வந்தது, உருளை வந்தது, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். பிறகு விசிறி வந்தது.

நான்கு இறக்கைகளும் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. ஒரு பக்கம் வருபவை தடித்து ஒன்றோடொன்று நெருங்கின. மறுபக்கம் போனவை மெலிந்து விலகின. ஒரு இறக்கை நடுத்தண்டை விட்டே கழன்று காற்றில் தனியாக மிதப்பது போலத் தெரிந்தது.

மேனேஜர் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னங்க இது?"

ஸ்டுடியோக்காரருக்குத் தெரியவில்லை. இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. தெரியலை மேடம் என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஏழெட்டு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓடும்போது றெக்கை வளையுது மேடம்," என்றார். "நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்த கேமரா ஒரு செகண்டை ரெண்டாயிரம் துண்டா வெட்டிப் பாக்குது. அதனாலதான் மாட்டிக்கிச்சு. நிறுத்திப் பாத்தா நேராத்தான் இருக்கும். தகடு வலுவில்லைன்னு நினைக்கிறேன்."

தகட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அறையில் அது பெரிய விஷயமாக எடுபட்டது. சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார். ரசமட்டத்தை அழைத்து வரச் சொன்னார்கள்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார் அவர். மூக்குக் கண்ணாடியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவியைப் பார்த்தார்.

"வளைஞ்சா ஆடும் மேடம்," என்றார். "ஆடினா சத்தம் வரும். வந்து கேளுங்க, சத்தமே இல்லை."

எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஏணியில் ஏறி, ஒரு டம்ளர் தண்ணீரை விசிறிச் சட்டத்தின் மேல் வைத்தார். விசிறி முழு வேகத்தில் ஓடியது. தண்ணீரில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. மேனேஜர் அம்மாள் டம்ளரையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனம் ரசமட்டத்தின் பக்கம் சாய்வதை ஸ்டுடியோக்காரர் கண்டுகொண்டார்.

"தண்ணி சொல்றதை நம்பறதா, படம் சொல்றதை நம்பறதா மேடம்?" என்றார் அவர். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னார். "கீழே எட்டுப் பேர் நிக்கறாங்க. ஒரு றெக்கை பிச்சுக்கிட்டு வந்தா யார் பொறுப்பு?"

மேனேஜர் அம்மாளை இதில் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு உயிர் என்றால் யாரும் துணிய மாட்டார்கள். விசிறியை நிறுத்தினார்கள். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. சொல்லி அனுப்பறேன்," என்றார் ரசமட்டத்திடம். அவர் டம்ளர் தண்ணீரை வாசல் செடியில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். சொல்லி அனுப்பவே இல்லை.

ஸ்டுடியோக்காரர் அந்த அரை நிமிடத் துண்டைத் தனியாக வெட்டி நண்பர்கள் இருவருக்கு அனுப்பினார், கேமரா பிடித்த திருடன் என்று தலைப்புப் போட்டு. இரண்டு பேர் இருபது பேரானார்கள். மற்றத் தொழிற்சாலைகளின் பட்டறைகளிலும் அது சுற்றியது. ரசமட்டம் விடுமுறை நாட்களில் அங்கேயெல்லாம் போய்ச் சில்லறை வேலை பார்ப்பவர். அவர்களும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் ஸ்டுடியோக்காரர் காதுக்கு அரசல்புரசலாக எட்டியது. பாவம்தான், ஆனால் வேலையில் கவனம் வேண்டாமா என்று டீக்கடையில் சொல்லிவிட்டு மேலே ஆக வேண்டியதைப் பார்த்தார்.

நான்கு மாதம் கழித்து மறுபடி அழைப்பு. வேறு கம்பெனியிலிருந்து புது விசிறி வரவழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள், அதையும் எடுத்து வீடியோவில் சேர்க்க வேண்டும். அதே கூடம், அதே மதிய வெயில். இந்த முறை கேமராத் திரையின் மேல் ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

புது விசிறியின் இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன.

அவர் கண்ணை எடுத்து நேரே விசிறியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். ஒன்று தடித்து வந்தது, ஒன்று மெலிந்து போனது, ஒன்று கழன்று மிதந்தது. முன்பு பார்த்தது அப்படியே அச்சு அசலாக இருந்தது.

பின்னால் மேனேஜர் அம்மாள் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போது அவர் செய்ததை யோசித்துச் செய்தார் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. விரல் தானாகச் சக்கரத்தைத் திருப்பியது. ஷட்டர் வேகத்தை ஐம்பதுக்கு இறக்கினார். வெளிச்சம் அதிகமாகாமல் இருக்க லென்ஸ் துவாரத்தைச் சுருக்கினார். மெதுவான ஷட்டரில் இறக்கைகள் தனித்தனியே தெரியாமல் கலங்கி, அழகான சாம்பல் நிற வட்டமாக மாறின. வட்டத்தில் எது வளைவு, எது நேர்?

மேனேஜர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா, இது எவ்வளவு சுத்தமா ஓடுது!"

"ஆமா மேடம்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மேசை விசிறியைச் சன்னல் வெயிலில் வைத்து, முன் கூண்டைக் கழற்றி, ரெண்டாயிரத்தில் எடுத்தார். வளைந்தது. ஐம்பதில் எடுத்தார். கலங்கியது. மறுபடி ரெண்டாயிரத்துக்குப் போனார். மறுபடி வளைந்தது. அவருடைய சொந்த விசிறி அது. தினமும் அதன் காற்றில்தான் அவர் தூங்கினார்.

கேமரா மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"அது எல்லா டிஎஸ்எல்ஆர்லயும் இருக்கறதுதானே அண்ணே," என்றார் அவர், வாயில் எதையோ மென்றுகொண்டே. "உள்ள இருக்கற சென்சார் படம் முழுக்க ஒரே நேரத்துல பாக்காது. மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியாப் படிச்சுக்கிட்டு வரும். மேல் வரி படிச்சுட்டு கீழ் வரிக்கு வர்றதுக்குள்ள றெக்கை வேற எடத்துக்குப் போயிடுது. அதான் வளைஞ்ச மாதிரி தெரியுது. கல்யாணத்துல கேமராவை வேகமாத் திருப்பினா தூணெல்லாம் சாயும், பாத்ததில்லையா நீங்க?"

பார்த்திருக்கிறார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். மண்டபத்துத் தூண்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாயும் இடங்களையெல்லாம் எடிட்டிங்கில் வெட்டி எறிந்திருக்கிறார். அப்போதெல்லாம் மண்டபம் கட்டிய கொத்தனாரை அவர் சந்தேகப்பட்டதில்லை. போனை வைத்த பிறகு அந்த நினைப்புதான் முதலில் வந்து உறைத்தது. காது மடல் வரை சூடேறியது. அறையில் அவரைத் தவிர யாருமில்லை. இருந்தும் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். அன்று மதியமே போவதாகத்தான் நினைத்தார். மதியம் ஒரு குழந்தையின் போட்டோ வேலை வந்தது. மறுநாள் ஆல்பம் ஒட்ட வேண்டியிருந்தது. பிறகு, நான்கு மாதம் ஆகிவிட்டதே, இனிமேல் சொல்லி என்ன, அந்த மனிதர் இதற்குள் வேறு நல்ல வேலையில் இருப்பார் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். விசிறி என்ற சொல் எங்கே அடிபட்டாலும் எழுந்து வேறு பக்கம் போனார். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் ரசமட்டம் கடைக்கு வந்தார்.

பாஸ்போர்ட் அளவு போட்டோ வேண்டும் என்று முன்னறையில் மனைவியிடம் சொல்வது பின்னறைக்குக் கேட்டது. கையில் ஒரு விண்ணப்பப் படிவம். வாகனம் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. மனைவி அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, "உள்ள போங்க, எடுப்பாரு," என்றாள்.

தப்பிக்க வழியில்லை. பின்னறைக்கு வேறு கதவு இல்லை.

ரசமட்டம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து கிரீச்சிட்டது. வழக்கமாக இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்திருப்பார். இப்போது சாய்ந்தபடியே இருந்தார். தோள் இறங்கியிருந்தது. ஸ்டுடியோக்காரர் லென்ஸ் வழியாக அந்த முகத்தைப் பார்த்தார். அதற்கு முன் எந்த முகத்தையும் அவ்வளவு நெருக்கத்தில் பார்ப்பதற்கு அவர் பயந்ததில்லை.

"கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்கண்ணே," என்றார்.

அவர் நிமிர்ந்தார். படம் எடுத்தாகிவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்," என்றார். "அந்த வீடியோவை இன்னொரு தடவை காட்ட முடியுமா? அன்னைக்கு நான் கண்ணாடி எடுத்துட்டு வரலை. சரியாப் பாக்கலை. எந்த எடத்துல வளைய ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சா போதும். வீட்டுல தகடு வெட்டி வெட்டிப் பாக்கறேன். மூணு கனத்துல பண்ணிப் பாத்துட்டேன். எங்க தப்புப் பண்ணினேன்னு பிடிபட மாட்டேங்குது."

ஸ்டுடியோக்காரர் கண்ணைத் திருப்பினார். அவருக்கு எதிரே, இரண்டு முழம் தள்ளி, கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முகப்பிலேயே அந்தக் கோப்பு இருந்தது, கேமரா பிடித்த திருடன் என்ற பெயரோடு.

"அதை அழிச்சுட்டேண்ணே," என்றார்.

"அப்படியா." ரசமட்டம் தலையை ஆட்டினார். "பரவாயில்லை. எடமில்லாம அழிச்சிருப்பீங்க."

அவரே காரணமும் எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

ஸ்டுடியோக்காரர் திரும்பினார். கதவோரம் மனைவி நின்றுகொண்டிருந்தாள், விண்ணப்பத்தின் ஒரு நகல் கையில். கொடுக்க மறந்ததை எடுத்து வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அழிச்சுட்டேன்னு ஏன் சொன்னீங்க? நேத்துக்கூட அங்கதானே இருந்துச்சு."

முதலில் மழுப்பினார். பிறகு மென்று விழுங்கினார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார், மேசை விசிறி, மெக்கானிக், சாம்பல் வட்டம் எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

"மொதல்ல பண்ணினது தெரியாமப் பண்ணினது," என்றாள் அவள் கடைசியில். "ரெண்டாவது தடவை?"

அவர் குடை விளக்குகளை அணைத்தார்.

"இப்போ அந்த நாற்காலியில உக்காந்திருந்த மனுஷன்கிட்ட சொன்னது?"

அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தத்தைத் தவிர அந்தக் கடையில் வேறு பேச்சில்லை.

மறுநாள் காலை அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேசை விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரசமட்டத்தின் வீட்டைத் தேடிப் போனார். குறுகிய தெரு, மாடிப்படி, படியெல்லாம் பூந்தொட்டி. கதவைத் திறந்தது மகள். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விசிறியும் கையுமாக நிற்பவரைப் பார்த்து, "ரிப்பேரா? அப்பா இப்போ அதெல்லாம் பண்றதில்லைங்க," என்றாள்.

உள்ளே ரசமட்டம் இருந்தார். சுவரோரம் வெட்டிய தகடுகள் சாய்ந்திருந்தன. ஒன்றன் மேல் சுண்ணக்கட்டியில் எண்கள். ஸ்டுடியோக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசப் பார்த்தார். கடைசியில் கேமராவை ரசமட்டத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார். யார் கையிலும் கொடுக்காத கேமரா. மொட்டை மாடி வெயிலில் விசிறியை ஓடவிட்டு, "இதை அமுக்கி எடுங்கண்ணே," என்றார்.

ரசமட்டம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். இறக்கைகள் வளைந்திருந்தன. விசிறியைக் கையால் நிறுத்தி ஒவ்வொரு இறக்கையையும் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக். மறுபடி ஓடவிட்டார். மறுபடி எடுத்தார்.

"வரி வரியாப் படிக்குதாம்ணே. மேல இருந்து கீழ," என்று ஸ்டுடியோக்காரர் ஆரம்பித்தார்.

மீதியை அவர் சொல்ல விடவில்லை. "கீழ் வரி வர்றதுக்குள்ள றெக்கை நகர்ந்துடும்," என்றார் ரசமட்டம். ஸ்டுடியோக்காரருக்கு விளங்க நான்கு மாதம் ஆனது, அவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் கூட வந்தது, கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி. "அப்போ என் தகடு நல்லாத்தான் இருந்திருக்கு!" என்று, பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த மகளைப் பார்த்தார்.

மகள் சிரிக்கவில்லை. அவள் ஸ்டுடியோக்காரரைப் பார்த்துக் கேட்டாள், "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அதை அடக்குவதற்கு அவர் படாத பாடு பட்டார். "மூணு வாரமாச்சு."

"அப்பா நேத்துதானே போட்டோ எடுக்க வந்தாரு?"

"ஆமா."

"வீடியோவை அழிச்சுட்டீங்கன்னு வந்து சொன்னாரே?"

"அழிக்கலம்மா."

ரசமட்டத்தின் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துவிட்டது. கேமராவை வெகு கவனமாகத் தரையில், நிழலில், வைத்தார். மகள்தான் பேசினாள். "எத்தனை நாள் சாப்பாட்டுல கை வெச்சுக்கிட்டே யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு தெரியுமா சார்? பத்தொன்பது வருஷம் தப்பாவே வேலை பாத்துட்டேனோன்னு என்கிட்ட கேட்டாரு. என்கிட்ட!"

"விடும்மா," என்றார் ரசமட்டம். பிறகு ஸ்டுடியோக்காரரிடம், "என்கிட்ட சொல்லி என்ன தம்பி? எனக்கா தெரியணும்? அங்க போய்ச் சொல்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை. வெளியே போகவும் சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் கேமராவையும் விசிறியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனார். மேனேஜர் அம்மாளிடம் சொன்னார். அவர் முதலில் நம்பவில்லை. "ரெண்டாவது தடவையும் நீங்கதானே எடுத்தீங்க? அதுல நேரா இருந்துச்சே?"

"இல்ல மேடம். அதுவும் வளைஞ்சுதான் இருந்துச்சு. தெரியாத மாதிரி மாத்தி எடுத்தேன்."

மேனேஜர் அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கினதையே மறுபடி அடுக்கினார். அவருக்கும் இதில் பங்கு இருந்தது. அது அவருக்கே தெரிந்தது. "சரி. இது நமக்குள்ள இருக்கட்டும். நான் அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கறேன்," என்றார்.

ஸ்டுடியோக்காரருக்கு அது எவ்வளவு இனிப்பான பேச்சாக இருந்தது! தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். தலை கூட லேசாக அசைந்தது. ஆனால், "அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே மேடம் சொன்னேன்," என்று அவர் குரல் சொல்லிவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்கு டிவியைத் தூக்கி வந்தார்கள். ஐம்பது பேர் தூக்குப் பாத்திரமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் புது விசிறியை ரெண்டாயிரத்தில் மறுபடி எடுத்து வந்து, இரண்டு விசிறிகளின் படத்தையும் போட்டார். மேசை விசிறியையும் அங்கேயே எடுத்துக் காட்டினார். கேமராவை வேகமாகத் திருப்பி, கூடத்துத் தூண்கள் சாய்வதையும் காட்டினார். தான் சொன்னது தப்பு, இரண்டாவது முறை தெரிந்தே மறைத்தேன் என்றார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளியைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு பின் வரிசையிலிருந்து ஒருவர், "அப்போ என் கல்யாண வீடியோவுல என் மூஞ்சி கோணலா வந்ததும் கேமரா தப்புதானா?" என்றார்.

"அது உன் மூஞ்சி தப்புய்யா," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கூடம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. ஸ்டுடியோக்காரரும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. விசிறிக்குக் கீழே அட்டை பிரிக்கும் எட்டுப் பேரில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், "நல்ல மனுஷன் அவரு. இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றாள். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

முன்பு அனுப்பிய எல்லோருக்கும், நடந்ததை எழுதி, மேசை விசிறிப் படத்தையும் சேர்த்து அனுப்பினார். பழையது பரவிய வேகத்தில் பாதிகூட இது பரவவில்லை. ஆனாலும் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் அம்மாளே ரசமட்டத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னாராம். "கூப்பிட்டா வந்து பாத்துக் குடுத்துட்டுப் போறேன் மேடம். தினமும் வர மாட்டேன்," என்று அவர் சொல்லிவிட்டாராம். அவர் செய்த நான்கு இறக்கைகளும் அதற்குள் இரும்புக் கடைக்குப் போய் உருகிவிட்டிருந்தன. வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு மாதம் நின்றார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்தாற்போல் கூப்பிடவே, அதை விட்டுவிட்டுப் பழையபடி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று ஸ்டுடியோக்காரர் நினைத்திருந்தார். கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சொல்லாத ஒன்று இருந்தது. வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்த மனிதரிடம் அழித்துவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னது. அதை ஐம்பது பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனைவிக்குத் தெரியும், ரசமட்டத்துக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு மாத்திரை வாங்கப் போக வேண்டியிருந்தால் அவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வேறு கடைக்குப் போனார். மனைவி அதைக் கண்டும் காணாதது போல இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். தோளில் கேமராப் பை. உட்காரும் பலகையில் ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ரசமட்டம் என்பதைக் கிட்டே போன பிறகுதான் கண்டார். திரும்பிப் போவதற்குள் அவர் பார்த்துவிட்டார். பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க தம்பி. பை கனமா இருக்கும்."

உட்கார்ந்தார். பலகையின் நுனியில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி.

ரசமட்டம் பேசிக்கொண்டே இருந்தார். எங்கோ ஒரு மாவு மில்லில் மோட்டார் சூடாகிறதாம், மூன்று பேர் பார்த்தும் பிடிபடவில்லையாம், இவர் போய்க் கை வைத்ததும் பேரிங்தான் என்று தெரிந்துவிட்டதாம். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குத்தலும் இல்லை. மகளுக்குப் பதவி உயர்வு கிடைத்ததையும் சொன்னார். "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

"சௌக்கியம்ணே," என்றார் ஸ்டுடியோக்காரர். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

ஒரு பஸ் வந்து நின்றது. எழுந்து, "வரேண்ணே," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அவருடைய வீட்டுப் பக்கம் போகும் பஸ் இல்லை அது. ஏறியதும் கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது, அடுத்த நிறுத்தம் என்றார். இறங்கி, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ரசமட்டம் உட்கார்ந்திருக்கும் சாலையைத் தவிர்த்துப் பின் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்.